பழைய சான்ட்ரோவா, புது வண்டியா? முதலில் கீழே குனிந்து பாருங்கள்

2024 ஆகஸ்டில் என் ஹூண்டாய் சான்ட்ரோ ஸிங் காருக்கு 15 வருஷம் முடிந்தது. டி.என். 38, கோயம்புத்தூர் வண்டி. மாமனார் 11 வருஷம் ஓட்டிவிட்டு, இனி ராத்திரியில் எதிர்வண்டி லைட் கண்ணைக் கூசுகிறது என்று சாவியை என்னிடம் கொடுத்தார். மச்சானிடம் அப்போதே இன்னொரு சான்ட்ரோ இருந்தது. அதுவும் 2009 மாடல், ஆனால் டி.என். 07. வாங்கிய நாளிலிருந்து சென்னை கொட்டிவாக்கத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாசலில் நின்ற வண்டி.

ரெண்டு பேருக்கும் ஆர்.சி., அதாவது வண்டியின் 15 வருஷப் பதிவு, ஒரே சமயத்தில் முடிந்தது. அவன் புதுசு வாங்கினான். நான் மாமனார் வண்டியையே வைத்துக்கொண்டேன். ரெண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

புது வண்டியின் சௌகரியங்களை விவரித்து நேரத்தை வீணாக்கவில்லை. ஏ.சி. குளிரும், வாரன்டி இருக்கும், நடுரோட்டில் நிற்காது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததில் விலையும் இறங்கியது. அதனால் ஆசை வருவதில் தப்பில்லை.

ஆனால் கணக்கு ஷோரூம் விலையோடு முடிவதில்லை. வண்டி 6 லட்சம் என்றால் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம், அதுவே 78,000. மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். 5 லட்சம் கடனை 9 சதவீத வட்டிக்கு 5 வருஷம் எடுத்தால் மாதம் சுமார் 10,380. வண்டியின் மதிப்போ இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணைப்படி ஐந்தாவது வருஷம் முடிவதற்குள் பாதியாகிவிடும்.

என் பக்கத்துக் கணக்கு ஒரு 40 பக்க நோட்டில் இருக்கிறது. கடைசி மூன்று வருஷத்தில் கிளட்ச் செட், ரேடியேட்டர், லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும், நாலு டயர், பேட்டரி, டேஷ்போர்டையே கழற்றி மாற்றிய கூலிங் காயில், டைமிங் பெல்ட், ஆர்.சி. செலவு எல்லாம் சேர்த்து 1,14,000. மாதத்துக்கு 3,170 வருகிறது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: நான் வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். வேலைக்கு மின்சார ரயில். தினமும் ஒரகடம் போய்வருகிற ஆளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சான்ட்ரோ ஸிங் உற்பத்தி 2014-இல் நின்றபிறகு பாகம் கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள். சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கேட்டு எனக்கு இதுவரை இல்லை என்ற பதில் வந்தது ஒரே ஒரு கதவு பீடிங்குக்குத்தான். அதையும் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டையில் வேறொரு வண்டியிலிருந்து உருவிக்கொண்டேன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்த நோட்டு இல்லை. துரு.

எஃப்சிக்கு, அதாவது ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும் பரிசோதனைக்கு, முன்னால் ரெண்டு வண்டியையும் மடிப்பாக்கத்தில் என் மெக்கானிக்கிடம் ஒரே நாளில் விட்டோம். அவர் இன்ஜினைத் திறக்கவே இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீழே போனார். என் வண்டியில் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு ஓரத்தில் குத்தினார்: டக், டக் என்று கெட்டியான சத்தம். மச்சான் வண்டியில் முன்பக்கம் இரண்டு இடத்தில் டக். டிரைவர் சீட்டுக்குக் கீழே வந்தபோது சத்தமே இல்லை. ஸ்க்ரூடிரைவர் பாதிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் பொலபொலவென்று செம்மண் மாதிரி கொட்டியது.

“சார், இன்ஜின் போனா புதுப்பேட்டைல இன்னொண்ணு எடுத்துப் போட்டுக்கலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான். அடி போச்சுன்னா வண்டியே போச்சு” என்றார்.

வெல்டிங் வைக்கலாமே என்று மச்சான் கேட்டான். “வைக்கறதுக்கு நல்ல தகடு வேணும்ல தம்பி? துரு மேல துருவ ஒட்டச் சொல்றீங்களா?”

இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே தகடுதான் கோயம்புத்தூரில் இருந்த என் வண்டியில் முழுசாக இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதோடு உப்பு சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகமாகிறது. கடற்காற்றில் வருகிற உப்பு வண்டியின் அடியில் படிந்து, ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். மச்சான் வாராவாரம் மேலே ஷாம்பு போட்டுக் கழுவியவன். கீழே ஒரு தடவைகூட தண்ணீர் அடித்ததில்லை.

வெளியிலிருந்து வருவது பாதிதான். ரன்னிங் போர்டு உள்ளே கூடான பெட்டி. தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை சேற்றால் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் முன்சீட்டுக் கால்பக்கக் கார்பெட் நனையும். மேலே காய்ந்துவிட்டதே என்று விட்டுவிடுவோம், அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மச்சான் வண்டியில் கார்பெட்டைத் தூக்கியபோது வந்த வாடை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கும் குழியும் இதே கதைதான்.

எல்லாத் துருவும் ஒன்றில்லை. கதவு ஓரத்திலும் பானெட்டிலும் வந்தால் டிங்கரிங் பண்ணிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், வெறும் அழகு விஷயம். லோயர் ஆர்ம் மாட்டுகிற இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்குகிற இடம், ஷாக் அப்சார்பரின் மேல்பக்கம், ரன்னிங் போர்டு, இந்த நான்கில் தகடு மெலிந்திருந்தால் எவ்வளவு மலிவாகச் சரிசெய்தாலும் அது நஷ்டம். மேலே தார் மாதிரி கோட்டிங் அடித்து மறைப்பார்கள், அது இன்னும் மோசம். துருவைச் சுரண்டாமல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். துருப்பிடித்த இடத்தைப் பட்டிப் பசை வைத்து மூடியிருக்கிறார்களா என்று பார்க்க ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் நிற்காது. செகண்ட் ஹேண்ட் வாங்கப்போகிறவர்களுக்கும் இதே பரீட்சைதான். நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கடலோர வண்டியா, உள்நாட்டு வண்டியா என்று புரோக்கர்கள் சும்மா கேட்பதில்லை.

மச்சான் அந்த வண்டியை எடைக்குப் போட்டான். நான் எஃப்சிக்குப் போனேன். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ஆனது, கூடவே பசுமை வரி. முடிவதற்கு 60 நாள் முன்னாலேயே மனு போடலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 அபராதம். ஆர்.டி.ஓ. ஆபீஸின் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து லைட், ஹாரன், புகைச் சான்றிதழ், சேஸிஸ் நம்பர் பார்த்தார். அடியில் யாரும் குத்திப் பார்க்கவில்லை. அதனால் எஃப்சி கிடைத்துவிட்டது என்பதை வண்டி நல்லாயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்லியில் அப்போது இருந்த மாதிரி, 15 வருஷம் ஆனால் பெட்ரோல் வண்டிக்கு வழியில்லை என்ற நிலை இங்கே இல்லை. அடுத்த 5 வருஷத்துக்கு வண்டி என்னுடையது.

ஒரு விஷயத்தில் மச்சான் பக்கம்தான் நியாயம். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. அதை எந்த மெக்கானிக்கும் பொருத்தித் தர முடியாது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளோடு ஜி.எஸ்.டி. ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், 80-ஐத் தாண்டுவதில்லை என்பதுதான் என் சமாதானம். அது பெரிய சமாதானம் இல்லை என்று எனக்கும் தெரியும். மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் போகிற வேலை இருந்திருந்தால் துரு இல்லாவிட்டாலும் நான் மாறியிருப்பேன். 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றி என் அனுபவம் கொஞ்சம்தான். மைலேஜ் சற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறது, ஒரு பெட்ரோல் ஹோஸ் வெடித்து மாற்றினேன். அது எத்தனாலாலா, 15 வயசாலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

மச்சான் இப்போது புது வண்டிக்கு மாதம் ஒருமுறை கீழே தண்ணீர் அடிக்கிறான். என் வண்டியும் இனி உள்நாட்டு வண்டி இல்லை, மடிப்பாக்கத்துக்கு வந்து 6 வருஷமாகிறது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தை மாதம் தூக்கி நிறுத்தி நானே குத்திப் பார்க்கிறேன். இந்தத் தையில் இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் டக் என்று வரவில்லை. ஓட்டை விழவில்லை, ஆனால் சத்தம் மந்தமாக இருந்தது. சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.