கொசு விளக்கு: ஈசல் பிடிக்க வாங்கலாம், கொசு பிடிக்க வேண்டாம்

கொருக்குப்பேட்டையில், கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்த மறந்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. சுருள், லிக்விட், மட்டை, வலை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. போன மாதம் மழை விட்ட வாரத்தில், பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் நீல வெளிச்சம் அடிக்கும் கொசு விளக்கைப் பார்த்தேன். 850 சொன்னார்கள், பேரம் பேசி 700-க்கு வாங்கினேன். "ராத்திரி போட்டு வுட்டுட்டு தூங்கு நைனா, காலைல தட்டைப் பாரு" என்றார் கடைக்காரர். பார்த்தேன்.

பொருளாக எடுத்துக்கொண்டால் மோசமில்லை. ஒரு சொம்பு உயரம். மேலே புற ஊதா எல்இடி வளையம், அதன் கீழே காற்றை உள்ளே இழுக்கும் சின்ன ஃபேன், அடியில் திருகிக் கழற்றும் தட்டு. வெளிச்சத்துக்கு வரும் கொசுவை ஃபேன் இழுத்துத் தட்டில் தள்ளும், அது அங்கேயே காய்ந்து சாகும் என்பது கணக்கு. போன் சார்ஜரில் ஓடுகிறது, சத்தம் கம்மி, கரண்ட் போனால் பவர் பேங்கிலும் போடலாம்.

மறுநாள் காலையில் பழைய பேப்பரில் தட்டைக் கொட்டி, அம்மாவும் நானும் குனிந்து உட்கார்ந்து எண்ணினோம். ஈசல் மூன்று, இறகு உதிர்ந்து தூளாகிப்போன அந்துப்பூச்சி, பச்சையாக ஏதோ தத்துப்பூச்சி, கடுகு சைஸில் பெயர் தெரியாத வண்டுகள் ஒரு சிட்டிகை. கொசு நாலே நாலு. அதிலும் இரண்டுக்கு மீசை புசுபுசுவென்று இறகு மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் ஆண் கொசு, அது கடிக்கவே கடிக்காது. அதே ராத்திரியில் என் கணுக்காலில் மட்டும் பதினோரு தடிப்பு. "விளக்கு பூச்சிக்கு, நீ கொசுவுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் இப்படி என்று உட்கார்ந்து படித்தேன். கோளாறு விளக்கில் இல்லை, அதைச் செய்தவர்கள் கொசுவைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தில் இருக்கிறது. கொசு வெளிச்சத்தைப் பார்த்து நம்மிடம் வருவதில்லை. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04 சதவீதம்தான். இந்த நூறு மடங்கு வித்தியாசம்தான் அதைக் கிளப்பிவிடுகிறது. 2015-ல் அமெரிக்காவின் கால்டெக், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு காற்றுச் சுரங்கத்துக்குள் (ஒரு பக்கமிருந்து காற்று வீசும் நீளமான கூண்டு) பெண் ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள், டெங்கு பரப்பும் வகை அது. தரையில் ஒரு கறுப்புத் திட்டு. வெறும் காற்று மட்டும் வீசியபோது அதை அவை சீந்தவே இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கலந்ததும் அதே திட்டைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தன. திட்டும் மாறவில்லை, கொசுவின் கண்ணும் மாறவில்லை. ஆனால் மூக்கு சொன்ன பிறகுதான் கண் அதை மதிக்கிறது. அவர்கள் கணக்குப்படி மூச்சை 10 முதல் 50 மீட்டருக்குள் மோப்பம் பிடிக்கிறது, 5 முதல் 15 மீட்டரில் ஆளைக் கண்ணால் பிடிக்கிறது, ஒரு மீட்டருக்குள் வந்ததும் உடம்புச் சூடு. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று.

என் விளக்கு இதில் எதைக் கொடுக்கிறது? மூச்சு இல்லை, வியர்வை வாசனை இல்லை, சூடும் சொல்லும்படி இல்லை. இருப்பது நீல நிறம். 2022-ல் வெளியான இன்னொரு சோதனையில், கார்பன் டை ஆக்சைடை முகர்ந்த ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு பக்கம் போயின, நீலத்தையும் பச்சையையும் கண்டுகொள்ளவில்லை. (எங்கள் கால்வாய்க் கொசு கியூலெக்ஸ். அதன் நிற ருசி அப்படியே ஏடிஸ் மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பகலில் கடிப்பது ஏடிஸ்தானே, அது எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மிலேயே பிறக்கிறது.)

இதைவிட எனக்குப் பிடித்தது 2014-ல் வந்த ஆய்வு. கார்பன் டை ஆக்சைடையே உணர முடியாதபடி ஒரு மரபணுவைக் கெடுத்த கொசுக்களை உண்டாக்கினார்கள். சின்னப் பெட்டிச் சோதனைகளில் அவை தடுமாறின. பெரிய கூடாரத்துக்குள் நிஜ மனிதரை உட்காரவைத்தபோதோ கொஞ்சம்தான் சறுக்கின, மற்றபடி ஆளைக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு வாசலை மூடினால் அடுத்த வாசல் வழியாக வருகிறது. மூளையில் இருப்பது மொத்தம் சுமார் 2,20,000 நரம்பு செல், நமக்கு 8,600 கோடி. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வாசனை, நிறம், சூடு மூன்றையும் கூட்டிக் கழித்து ஆளை முடிவு செய்கிற ஜீவனை, ஒரே ஒரு விளக்கைக் காட்டி ஏமாற்றப் பார்த்திருக்கிறோம்.

302 நரம்பு செல் மட்டுமே உள்ள ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுகூட இந்தக் கணக்கைப் போடுகிறது. ஒரு சோதனையில் வெண்ணெய் வாசனை அந்தப் பக்கம், தாண்டினால் எரிச்சல் தரும் வேலி நடுவில். வயிறு நிறைந்த புழு தயங்கும், பட்டினி போட்ட புழு தாண்டிவிடும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது அதற்கும் பொருந்துகிறது.

சரி, விளக்குக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று ஒரு வேலை செய்தேன். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், சர்க்கரை, பேக்கரி ஈஸ்ட் போட்டு, மூடியில் ஓட்டை போட்டுப் பக்கத்தில் வைத்தேன், ஈஸ்ட் பொங்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். விளக்கின் கழுத்தில் கறுப்புத் துணி, அதன் மேல் நான் நாள் முழுக்கப் போட்ட சாக்ஸ். மறுநாள் கொசு பத்தொன்பது. ஒரு நாள் கணக்கை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கொசு ஆராய்ச்சி செய்பவர்களே விளக்குப் பொறியின் பக்கத்தில் உலர் பனிக்கட்டியைத் தொங்கவிடுகிறார்கள், அது உறைந்த கார்பன் டை ஆக்சைடுதான். அப்படியென்றால் 700 ரூபாய் கொடுத்தது எதற்கு? தினம் சர்க்கரையும் என் சாக்ஸும் நான்தானே போட வேண்டும், வீடு வேறு கள்ளுக்கடை மாதிரி நாறுகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். பில் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். வாங்கியபோது பில் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்கு நைனா" என்றவர் இதே ஆள்தான்.

அதே காசுக்கு ஒரு டேபிள் ஃபேன் பழுது பார்த்துக் கால் பக்கம் திருப்பி வையுங்கள். மூச்சுக் காற்று கலைந்துபோகும், கொசுவுக்கும் அந்தக் காற்றில் பறக்கத் தெம்பு கிடையாது. வலை இருந்தால் அதைவிட நல்லது. டிரம்மை மூடி வையுங்கள்.

ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கிறேன். அந்த ஒன்றரையும் எதற்கென்றால், அக்கா பையன் ராத்திரி பாத்ரூம் போக இப்போது அதைத்தான் நைட் லாம்ப்பாக வைத்திருக்கிறோம்.