சிவப்புப் பெட்டியோடு இரண்டு வருடம்

வேறொரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் நண்பர் நேற்று போன் செய்தார். நெஞ்சுப் படம் பார்க்கும் ஏஐ அவர்கள் பிரிவுக்கும் வருகிறதாம், அதற்கு முன்னால் "நீங்கள் தயாரா?" என்று ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்கிறார்களாம், என்ன எழுத என்று கேட்டார். இரண்டு வருடமாக அதோடு குப்பை கொட்டுகிறேன், அதனால் இது.

எனக்குப் பெரிய எரிச்சல் தோல் மடிப்பு. படுக்கையை விட்டு எழ முடியாத வயதானவருக்கு போர்ட்டபிளில் (படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ்ரே மெஷின்) எடுக்கும்போது முதுகுக்கடியில் டிடெக்டரை, அதாவது படம் பதியும் தட்டை, செருகினால் தளர்ந்த தோல் மடிந்து, நுரையீரல் மேல் ஒரு ஓரம் விழும். உடனே ஏஐ படத்தில் சிவப்புப் பெட்டி போடும்: நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து அது சுருங்குவது), அவசரம், டாக்டர் பார்க்கும் வரிசையில் முதலிடம். அந்த ஓரத்தைத் தாண்டியும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, சில படத்தில் அந்த ஓரம் விலா எலும்புக்கு வெளியேகூடப் போகிறது, இது வெறும் மடிப்பு என்று பயிற்சிக்கு வந்த பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், அந்தக் காற்றை வெளியேற்ற ஏற்கெனவே நெஞ்சில் டியூப் போட்டவருக்கும் அதே கூச்சல். 2017-இல் அமெரிக்காவில் பொதுவில் விட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுப் படங்களில், நியூமோதோராக்ஸ் என்று குறித்திருந்த பலவற்றில் டியூப் ஏற்கெனவே இருந்தது. அந்தப் படங்களை வைத்துப் படித்தால் ஏஐ நோயை விட்டு டியூபைக் கற்றுக்கொள்ளும் ஆபத்து உண்டு. எங்களுடையது எதில் படித்தது என்று விற்க வந்தவரிடம் கேட்டேன், கையேட்டைக் கையில் கொடுத்தார். பயிற்சி என்று நடந்ததும் எந்தப் பட்டன் எங்கே என்பது மட்டும்தான், ஏஐ எங்கே தவறும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு ராத்திரி, நடந்தே வந்து படம் எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கு நுரையீரல் உச்சியில் நூல் போல ஒரு கோடு. படம் எடுத்த நான் கவனிக்கவில்லை. ஏஐ அதைப் பிடித்து வரிசையில் மேலே தள்ளியது, டாக்டர் சில நிமிடத்தில் பார்த்துவிட்டார். இன்னொன்று, அந்தப் பெட்டிக்குப் பயந்தே இப்போது டிடெக்டர் வைத்ததும் தோலை நீவிவிட்டுத்தான் எடுக்கிறேன், படங்கள் முன்னைவிட நன்றாகவே வருகின்றன.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன் 2016-இல் சொன்னார். எங்கள் டாக்டர் இன்றைக்கும் உட்கார்ந்து ஏஐ காட்டும் தோல் மடிப்புகளை ஒவ்வொன்றாக அடித்து நீக்கிக்கொண்டிருக்கிறார்.

நண்பரிடம் "தயாரில்லை என்று எழுது, வாங்கவும் வேண்டாம் என்று சொல்" என்றேன். முந்தின ராத்திரி டியூட்டியில் ஏழு அவசரம், அதில் ஆறு மடிப்பு, தூக்கம் இல்லை. அந்தப் பையனைப் பற்றி அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.