பள்ளிக்கு வாங்கிய தண்ணீர் பரிசோதனைப் பெட்டி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருப்பூர் மாவட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பசுமைப் படை (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) மாணவர்களுக்காக, நீரின் பிஎச் (அமில, காரத் தன்மை), கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு), குளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் பெட்டி ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2003 இல் வலியுறுத்திய பிறகும், அது பெரும்பாலும் ஓவியப் போட்டியோடும் மரக்கன்றோடும் முடிந்துவிடுகிறது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய ஆலைகளை மூடும்படி 2011 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் எங்கள் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகத்தான் படித்து வந்தார்கள்.

பெட்டி வந்த பிறகு, வீட்டுக்கு ஒரு பாட்டில் கிணற்று நீர் கொண்டுவரச் சொன்னேன். கடினத்தன்மைச் சோதனையில், நாவல்பழச் சாற்றின் நிறத்தில் இருக்கும் நீர் தெளிந்த நீலமாக மாறும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்பது கணக்கு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணியபோது, முப்பத்து நான்காம் சொட்டில்தான் நிறம் மாறியது. 850. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச அளவே 600 தான். "அதனாலதான் எங்கம்மா சப்பைத் தண்ணியில பருப்பு வேகாதுங்கிறாங்களா சார்?" என்று அவள் கேட்டாள். எங்கள் பக்கம் கடின நீரைச் சப்பைத் தண்ணி என்பார்கள். எந்தப் பாடநூலும் எழுப்பாத கேள்வி அது. இந்த ஒன்றுக்காகவே பெட்டியை மற்ற ஆசிரியர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. செய்முறைக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளதால், தமிழில் நாங்களே எழுதி ஒட்டினோம். பிஎச் வண்ண அட்டை ஆறே மாதத்தில் வெளிறிவிட்டது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குளோரைடு சோதனைக்குப் பொட்டாசியம் குரோமேட்டும் வெள்ளி நைட்ரேட்டும் தருகிறவர்கள் கையுறை தரவில்லை. பிள்ளைகளின் விரல்களில் படிந்த கறுப்புக் கறை பல நாள் போகவில்லை. அதைவிட என்னை வருத்துவது, குரோமேட் நஞ்சு என்று தெரிந்திருந்தும், சோதித்து முடித்த நீரை எங்கே சேர்ப்பது என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருப்பதுதான். நொய்யலைக் காக்கக் கற்பிக்கும் நாங்கள் அதைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. விற்பனையாளரிடம் இருமுறை கேட்டும் பதில் வராததால், மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் சேர்த்து ஆய்வக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். அது இப்போது முக்கால்வாசி நிறைந்துவிட்டது.