எட்டு கிலோ ஓம் என்றால் சத்தம் அதிகமா?

காரைக்குடிப் பக்கக் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கிறேன். பழைய கிதாரை விற்க எடுத்தால், வாங்க வருகிற தம்பிகள் தந்தியைத் தொடுவதற்கு முன்பே மல்டிமீட்டரை நீட்டுகிறார்கள். "ஆறு கிலோ ஓம்தானா அண்ணே? எட்டாவது இருக்க வேண்டாமா?"

தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்புவது பிக்கப். அதில் காந்தத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். மீட்டர் காட்டும் எண் அந்தக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜில் சுற்றினால், சுற்று கூடாமலே ஓம் ஏறிவிடும். வெயிலுக்கும் ஏறும்! செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், ஏசி அறையில் 6.0 காட்டிய பிக்கப், மே மாத மதியம் முற்றத்தில் 6.4 காட்டும். சத்தம் ஒரு பொட்டும் கூடியிருக்காது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், பி-90 என்ற வகைப் பிக்கப் ஒன்றையும் ஹம்பக்கர் என்ற வகையில் பழைய பாணிப் பிக்கப் ஒன்றையும் அருகருகே வையுங்கள். முன்னதில் ஒரே காயிலில் ஏறத்தாழ 10,000 சுற்று. பின்னதில் இரண்டு காயில்களில் ஐயாயிரம், ஐயாயிரம். இரண்டுமே மீட்டரில் எட்டை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் பி-90 தந்தியின் அசைவை ஒரே இடத்தில் கேட்கிறது. குரலில் கரகரப்பும் கூர்மையும் உண்டு. ஹம்பக்கர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களில் கேட்பதால் உச்ச ஒலிகள் சில கரைந்து, குரல் தடித்து, உருண்டு வருகிறது.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் இருக்கிற வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஆறு கிலோ ஓமை ஒட்டியே இருக்கும். சத்தம் சற்றுக் குறைவு, தெளிவு அபாரம். என் மனது இதன் பக்கம்தான். முட்டைச் சாந்து பூசி வழவழக்கும் சுவர், ஆத்தங்குடித் தரை, உயரமான கூரை என்று இருக்கிற செட்டிநாட்டுக் கல்யாண வீட்டு முகப்பில் ஒலி பட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கும். அங்கே ஹம்பக்கரின் கீழ்சுரங்கள் கூழாகிவிடுகின்றன. சிங்கிள் காயிலில் ஒவ்வொரு சுரமும் தனியாக உதிர்கிறது.

வம்பு என்னவென்றால், அதே வீட்டில்தான் சீரியல் விளக்கும் டிம்மரும் பழைய வயரிங்கும். தாலி கட்டும் நேரம் மேளம் நின்றதும் என் ஆம்ப் மட்டும் "ம்ம்ம்" என்று முனக, ஆச்சிமார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிதாரோடு நானும் கால்வட்டம் திரும்பி நின்றேன். முனகல் பாதியாக இறங்கியது. காயில் மின்காந்த இரைச்சலை நோக்கும் கோணம் மாறியதால் வந்த நிம்மதி அது.

இந்த முனகலை ஒழிக்கத்தான் கிப்ஸன் கிதார் நிறுவனத்தில் செத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு காயில்களிலும் காந்த முனையும் மின்திசையும் எதிரெதிர். தந்தியின் ஒலி கூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும்.

ஆகவே கல்யாண இரவுக்கு ஹம்பக்கர், வீட்டில் விடியற்காலை வாசிப்புக்குச் சிங்கிள் காயில். ஒரே கிதார்தான் கட்டுப்படியாகும் என்றால் ஹம்பக்கரையே வாங்குங்கள். கூழாகிறதா? பிக்கப்பின் இரு ஓரத்துத் திருகுகளைத் தளர்த்தி அதை ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள். வால்யூம் குமிழ் 250 கிலோ ஓம் என்றால் 500க்கு மாற்றுங்கள்; மூடிக் கிடந்த டிரெபிள் (உச்ச ஒலி) திறக்கும். ஓம் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், மீட்டரை அந்தக் குமிழுக்கு வையுங்கள் தம்பி.