ஆப்பிரிக்க வயலட் விதை என்று கோழிக்கொண்டையை விற்கிறார்கள், உஷார்

1,200 ரூபாய். ஆறு நிறம், ஆறு பாக்கெட் ஆப்பிரிக்க வயலட் விதை, வீட்டுக்குள் தொட்டியில் வளர்ப்பார்களே, அந்தச் சின்னப் பூச்செடி. ஆறிலும் முளைத்து நிற்பது கோழிக்கொண்டை. கோபம் ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே.

யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய பெரிய ஆன்லைன் சந்தை ஒன்று. அதில் விதை மட்டும் விற்கும் ஒரு கடை. நம்பவைத்தது படம் இல்லை, படத்தை எவனும் போடுவான். கீழே இருந்த குறிப்புதான்: "விதை மேல் மண் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தண்ணீரை அடித்தட்டில் ஊற்றுங்கள்." இரண்டுமே நூற்றுக்கு நூறு சரி. இவ்வளவு விவரம் தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

பாக்கெட்டில் இருந்தது கறுப்பாக, பளபளவென்று, 1 மி.மீ. அளவில், ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய விதை. வயலட் விதையை எண்ணவே முடியாது. பழுப்புத் தூள் அது, பக்கத்தில் மூச்சு விட்டாலே பறந்துவிடும். கேட்டதற்கு, "அது பூச்சு போட்ட விதை சார்" என்றார்கள். தூள் விதைக்குக் களிமண் பூச்சு போட்டு விற்பது உண்டுதான். ஆனால் அந்தப் பூச்சு தண்ணீர் பட்டால் கரையும், இல்லை பிளக்கும். இது ராத்திரி முழுக்க ஊறியும் அதே பளபளப்பு. அதையும் சொன்னால், "விதைச்சுட்டு மூணு வாரம் பொறுங்க."

பொறி இங்கேதான். வயலட் முளைக்க 2 முதல் 4 வாரம் ஆவது உண்மை. பொருளைத் திருப்ப அந்தச் சந்தை தரும் கெடுவோ 7 நாள். நாற்று அடையாளம் காட்டுவதற்குள் கெடு முடிந்துவிடும், 1,200 ரூபாய் அவன் பையில்.

நாற்றைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. வயலட் நாற்று மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். குண்டூசித் தலையைவிடச் சிறிய இரண்டு வட்ட வித்திலை, பிறகு மெல்லிய ரோமத்தோடு இலைகள், தண்டு நீளாமல் வட்ட அடுக்காகத்தான் வரும். ஒரு மாதம் கழித்தும் பார்க்கக் கண்ணாடி தேடவேண்டும். இங்கே வந்ததோ ஒடுங்கிய நீள வித்திலை, சிவந்த தண்டு, வழவழப்பான இலை மாற்றி மாற்றி, கிடுகிடுவென்று மேலே போகிறது. படம் அனுப்பியதற்கு, "வெளிச்சம் பத்தல, அதான் நெட்டையா போகுது. பூக்கட்டும், பாருங்க." வெளிச்சம் குறைந்தால் வயலட்டின் இலைக்காம்புதான் நீளும். கோழிக்கொண்டையாக மாறாது! சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்." விற்பனையாளரைக் கேட்டால், "பிரிச்ச பாக்கெட்டுக்குப் பணம் கிடையாது." பிரிக்காமல் எப்படி விதைப்பதாம்?

இன்னொரு புளுகு, பெயர் போட்ட ரகங்களின் படம். கலப்பின வயலட்டை விதையில் வளர்த்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. குறிப்பிட்ட ரகம் வேண்டுமென்றால் இலையைக் காம்போடு நட்டு எடுப்பதுதான் வழக்கம். பூவில் பட்டை போட்டதுபோல் இரு நிறம் ஓடும் கைமீரா ரகங்கள் இலையிலிருந்தும் பொதுவாக அப்படியே வருவதில்லை, பக்கக்கன்றிலிருந்து எடுப்பதுதான் வழக்கம்.

வளர்ப்பு முறையை விரிவாக எழுதுவதாக இருந்தேன், இப்போது மனசில்லை. நிஜ விதை கிடைத்தவர்களுக்கு மட்டும்: தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைக் கல்லின் லேசான வெள்ளைத் துகள்) சம அளவு, ஈரம் சொட்டக்கூடாது. மேலே தூவி மூடிபோட்டு 21–24 டிகிரியில் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் மூடிக்குள்ளேயே வெந்துவிடும். முளைத்ததும் மூடியைத் தினம் கொஞ்சம் திறக்காவிட்டால் நாற்று அடியழுகிச் சாயும். இலையில் சில்லென்ற தண்ணீர் பட்டால் புள்ளி விழும்.

வாங்குகிறவர்கள் பாக்கெட் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். கறுத்து மின்னினால் விதைக்காதீர்கள், அன்றைக்கே புகார் போடுங்கள். "மூணு வாரம் பொறுங்க" என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள்.