நாலு வருஷமாக ஒரு தலையோடு

கடலூர்த் தம்பி ஒருவன், எம்.டெக். படிக்கிறவன், போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணா, ப்ராஜெக்டுக்குத் தலை மாடல் எடுக்கணும். நீங்க வெச்சிருக்கிறதையே எடுக்கலாமா?" தலை மாடல் என்றால், மோதலில் தலைக்குள் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டரில் கட்டின தலை. அன்றைக்கு நான் இருந்த கோபத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஒரு மோதலை ஓட விட்டுப் படுத்திருந்தேன். மொத்தம் 100 மில்லிசெகண்ட். ஆனால் தலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்) வெட்டித்தான் கணக்கு; மண்டையோட்டின் 1 மி.மீ. எலிமென்டை ஒலி கடக்கும் நேரத்துக்குள் ஒவ்வொரு அடியும் அடங்கணும். அப்படி மூன்று லட்சம் அடி வைத்தால்தான் அந்தப் பத்தில் ஒரு செகண்ட் தீரும். பால்காரர் மணி கேட்டு எழுந்து பார்த்தால், 41-வது மில்லிசெகண்டில் நின்றுவிட்டது. 'நெகட்டிவ் வால்யூம்' என்று எரர்: ஏதோ ஒரு எலிமென்டின் கன அளவு மைனஸில் போய்விட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே இருக்கும் சவ்வின் ஓரத்தில் ஒரே ஒரு எலிமென்ட், துவைத்துப் போட்ட சட்டைப் பை மாதிரி உள்வெளியாகப் புரண்டு கிடந்தது.

நாலு வருஷமாக இதே பாடு. மாடலை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை, மூளை அப்படிப்பட்ட பண்டம். அமுக்கிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி, சுமார் 2 ஜிகா பாஸ்கல் எதிர்ப்பு. பக்கவாட்டில் இழுத்தாலோ சில கிலோ பாஸ்கல்தான். ஓட்டுக்குள் நுங்கு. வெடுக்கென்று திருப்பினால் ஓடு முதலில் போகும், நுங்கு பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் மூளையிலிருந்து உறைக்குப் போகும் சிரைகள் அறுந்து ரத்தம் கட்டுகிறது.

இந்தச் சனியனை நான் விடாமல் வைத்திருப்பதும் அந்தத் திருப்பத்துக்காகத்தான். எல்லாரும் கேட்கிற எச்ஐசி (தலைக்காய அளவுகோல்) எண் தலையின் நேர்கோட்டு முடுக்கத்தை மட்டும் பார்க்கும். 15 மில்லிசெகண்ட் கணக்கில் அமெரிக்க விதிப்படி 700 தாண்டக்கூடாது, அவ்வளவுதான். தலை சுழன்றதா என்று கேட்காது. சுழற்சிதான் மூளையைக் கெடுக்கிறது என்று ஹோல்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1943-லேயே சொல்லியாயிற்று. போன வருஷம் ஒரே ஹெல்மெட்டை நேராக ஒரு தடவை, சாய்வாக ஒரு தடவை மோதவிட்டேன். சாய்வில் எச்ஐசி குறைவு, ஆனால் மூளைக்குள் பாதி சிவப்பு, அதாவது ரொம்ப இழுபட்ட இடம். மரப்பாலம் சிக்னலில் டேங்க்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிவப்புதான் கண்ணில் வருகிறது.

சரி, தம்பிக்குப் பதில்: எடுக்காதே. டொயோட்டாவின் தம்ஸ் என்கிற மனித உடல் மாடல் 2021 ஜனவரியிலிருந்து இலவசம் (பேரைக் கேட்டால் கூல்டிரிங்க் ஞாபகம் வரும், பரவாயில்லை). முழு உடம்பையும் ஓட்ட உன் லேப்டாப் தாங்காது, அதை யோசித்துக்கொள். அதிலும் மூளை மூளைதான், புரண்டால் என்னிடம் வந்து அழாதே.

அந்த மூலையில் மட்டும் மெஷ்ஷை (எலிமென்ட் வலையை) திருத்தி நேற்று மறுபடி ஓட விட்டேன். இப்போது 63 மில்லிசெகண்ட் வந்திருக்கிறது. லாஸ்பேட்டையில் இன்றைக்குக் கரண்ட் போகாமல் இருக்கணும்.