அயர்லாந்தின் சுங்கக் கோடு: நிலத்திலா, கடலிலா?

2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும், ஒன்றியத்திலேயே நீடிக்கும் தெற்கின் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையைக் கடக்கும் சரக்குகளை எங்கே சோதிப்பது என்பதே பெரிய சிக்கலாயிற்று: அந்த நில எல்லையிலா, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இடையிலுள்ள கடலின் துறைமுகங்களிலா?

செலவு
நிலம்: 200க்கும் மேற்பட்ட இடங்களில் சாவடியும் ஆளும் வேண்டும்.
கடல்: வட அயர்லாந்தின் லார்ன், பெல்பாஸ்ட் போன்ற சில துறைமுகங்களே போதும்.

எளிமை
நிலம்: வடக்கில் கறந்த பாலைத் தெற்கின் ஆலைக்கு ஏற்றிச்செல்லும் லாரி சாவடியில் காத்திருக்க நேரும், இன்றோ, வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதைக் கொண்டுதான் எல்லை கடந்ததையே அறிய முடிகிறது.
கடல்: பிரிட்டனிலிருந்து சரக்கு வரவழைப்போருக்குப் படிவச் சுமை உண்டு, வட அயர்லாந்திலேயே விற்கப்படும் பொருள்களுக்கு அதை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட 2023ஆம் ஆண்டின் வின்ட்சர் உடன்பாடு குறைத்தது.

நிலைப்பு
நிலம்: வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதலுக்கு முடிவுகட்டிய 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்கு முந்தைய காலத்தில் எல்லைச் சாவடிகள் குண்டுவீச்சுக்கு இலக்காயின, அந்த நினைவு எல்லையோர ஊர்களில் இன்னும் ஆறவில்லை.
கடல்: தங்களைப் பிரிட்டனிலிருந்து பிரிப்பதாக, வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் ஒன்றியவாதிகள் கொதித்தனர், அவர்களின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் புறக்கணிப்பால் 2022 முதல் 2024 பிப்ரவரி வரை வட அயர்லாந்தின் ஸ்டார்மான்ட் ஆட்சி முடங்கியது. அந்த மனக்குறை நியாயமானதே.

பிரிட்டனின் உள்சந்தை பிளவுபடக் கூடாது என்பதையே முதன்மையாகக் கொள்வோருக்கு நிலக்கோடு பொருந்தும். எல்லையோர மக்களின் அன்றாட வாழ்வையும் அமைதியையும் காக்க நினைப்போருக்குக் கடற்கோடே ஏற்றது, என் தேர்வும் அதுவே.